நூறு துணிப்பை, 40 ரூபாய் டெபாசிட்: ஒரு மளிகைக் கடைக்கான செய்முறைக் குறிப்பு

காது அறாத பை மூன்றாவது தைப்பில்தான் கிடைத்தது. கடையை விட்டுப் போன பை மறுபடி கடைக்கே வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. இடையில் துணி வீணானது, காசு வீணானது, அளவுகள் மாறின. அந்த வரிசையிலேயே இந்தக் குறிப்பும் போகிறது.

வேலை இதுதான்: ஒரு நடுத்தர மளிகைக் கடையில் "ஒரு கவர் குடுங்க" என்று கேட்பவருக்கு, 5 கிலோ சரக்கு தாங்குகிற துணிப்பையைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது. பை திரும்பினால் காசும் திரும்பும்.

பிளாஸ்டிக் கவருக்கே ஒரு விலை வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அயர்லாந்து அப்படித்தான் செய்தது. தமிழ்நாட்டில் அந்த வழி கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் எந்தத் தடிமனிலும் கூடாது. மத்திய அரசின் விதி 120 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள பையை விட்டுவைத்திருக்கிறது. மொத்த வியாபாரி அதைக் காட்டி "இது செல்லும்" என்பார். தமிழ்நாட்டு அரசாணையில் அந்தச் சலுகை இல்லை. துணி மாதிரியே தெரிகிற நான்-ஓவன் பையும் (நெய்யாமல், பிளாஸ்டிக் இழைகளை ஒட்டிச் செய்தது) தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். நான்-ஓவன் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். பிடுங்க நூலே வராவிட்டால் அதுவே பதில்.

துணி

முதல் தைப்புக்கு வாங்கியது மெல்லிய காடா (வெளுக்காத பருத்தித் துணி), 30-ஆம் நம்பர் நூல்; நம்பர் கூடினால் நூல் மெலியும். விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. 5 கிலோ சர்க்கரையைப் போட்டுத் தூக்கியதும் பக்கத் தையலை ஒட்டி நூல்கள் விலகிச் சல்லடை மாதிரி வழிவிட்டன. தையல் அறவில்லை, துணிதான் இடம் கொடுத்தது. அந்தப் பைகள் கறிவேப்பிலை, கொத்தமல்லிக்கு மேல் எதற்கும் உதவவில்லை.

துணிக்கடையில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நூல் நம்பரும், இன்ச்சுக்கு எத்தனை பாவு (நீளவாக்கு நூல்), எத்தனை ஊடை (குறுக்கு நூல்) என்பதும் தெரிந்தால் நாமே போடலாம். பாவு எண்ணிக்கையை நூல் நம்பரால் வகுங்கள், ஊடைக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 25.6 ஆல் பெருக்குங்கள். 20-ஆம் நம்பர் நூலில் இன்ச்சுக்கு 60 பாவு, 60 ஊடை என்றால் 3-உம் 3-உம் 6. பெருக்கினால் ஏறத்தாழ 153. மளிகைப் பைக்கு இது போதும். முதலில் வாங்கிய மெல்லிய காடா இதே கணக்கில் 100-ஐக்கூடத் தொடவில்லை. 10-ஆம் நம்பர் நூலில் 40-க்கு 40 என்றால் 205 வரும். வலுவுக்குக் குறைவில்லை, ஆனால் காதுப் பக்கம் ஆறேழு அடுக்கு சேரும்போது வீட்டுத் தையல் மிஷின் ஏறாது, ஊசி ஒடியும். எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள ஒரு இன்ச் சதுரத்தைப் பேனாவில் வரைந்து, குண்டூசியால் நூல் நூலாக எண்ணினால் ஆயிற்று. பூதக்கண்ணாடி இருந்தால் சுலபம்.

அகலம் முக்கியம். 36 இன்ச்சில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பை வெட்டினால் மிஞ்சுகிற துண்டு காதுக்குக் குறுகலாகிவிடும். அந்தக் குறுகிய காது அரிசி எடையில் விரலை அறுத்தது. 48 இன்ச் எடுத்தால் துண்டு மிஞ்சிக் குப்பையாகும். 63 இன்ச் காடாவில்தான் கணக்கு உட்கார்ந்தது.

முதலில் நனை, பிறகு வெட்டு

இரண்டாவது தைப்பில் நடந்த தப்பு இது. 63 இன்ச்சை அப்படியே வைத்து, உடலுக்கு 15½ இன்ச் வீதம் மூன்று, காதுக்கு 5 இன்ச் பட்டை மூன்று என்று வரைந்து வெட்டியாயிற்று. தைத்த பை அழகாகத்தான் இருந்தது. முதல் சலவையில் உடல் சுருங்கி, காது கோணி, மேல்பட்டி சுருக்கம் விழுந்து, கல்யாணத்துக்கு மறுநாள் பந்தல் மாதிரி தொங்கியது. தறியிலிருந்து வருகிற காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். நூலும் இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும். தண்ணீர் பட்டதும் இரண்டும் விடும்.

ஆகவே வாங்கிய முழுத் துணியையும் முதலில் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். புதுக் காடா தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காது, மிதக்கும். மேலே கல் வையுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீர் புளிச்ச வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். பிறகு கொதிநீரில் கொஞ்சம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் வைத்து, இரண்டு தண்ணீர் அலசி, பிழியாமல் கொடியில் போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் விழுகிற மடிப்பு இஸ்திரிக்கும் போகாது.

எவ்வளவு சுருங்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நனைக்கும் முன் துணியில் 20 இன்ச் சதுரம் ஒன்றைப் போட்டுவிட்டு, காய்ந்தபின் அளந்தால் தெரிந்துவிடும். எங்கள் துணி பாவு வாக்கில் 7 சதவீதம், ஊடை வாக்கில் 5 சதவீதம் சுருங்கியது. 63 இன்ச் 60-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு மீட்டர் நீளம் 36½ இன்ச் ஆனது. உங்கள் துணியின் எண் வேறாக இருக்கும்.

வெட்டு

இப்போதைய அளவு: உடலுக்கு 15 இன்ச் அகலம், 36 இன்ச் நீளம். 60 இன்ச்சில் மூன்று உடல் 45 இன்ச். அதன் பக்கத்தில் 4½ இன்ச் பட்டை மூன்று, 13½ இன்ச். ஒவ்வொரு பட்டையையும் நடுவில் வெட்டினால் 18 இன்ச் நீளத்தில் ஆறு காது, பைக்கு இரண்டு. மிச்சம் கரையோரம் ஒன்றேகால் இன்ச் அகலத்தில் ஒரு நாடா. அதையும் எறியாதீர்கள், 3 இன்ச் துண்டுகளாக வெட்டினால் 12 துண்டு, பைக்கு நான்கு. காது உட்காரும் நான்கு இடத்திலும் உள்பக்கம் வைக்கிற ஒட்டுத்துணி அதுதான். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் அந்த இடத்துக்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது.

கத்தரிக்கோலை ஓரத்தில் ஒரு வெட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, மீதியைக் கையால் கிழியுங்கள். காடா நூலோடு நேராகக் கிழியும். கத்தரித்தால் கால் இன்ச் கோணும், அந்தக் கோணல் தைத்த பின்னால் பை ஒரு பக்கம் சாய்வதாகத் தெரியும். முதல் கிழிப்பில் துணி முனை எவ்வளவு கோணலாக இருந்தது என்பது வெளிப்படும். அதற்காகவே கூடுதலாக ஒரு மீட்டர் வாங்க வேண்டும். 100 பைக்கு 34 மீட்டர் என்று கணக்கு சொல்லும், 35 வாங்குங்கள். 105 பை வரும். உபரி ஐந்தும் சோதனையில் கிழிக்க.

பை ஒரே துண்டு, அடியில் மடிப்புதான், தையல் கிடையாது. அடித்தையல் இல்லாத பைக்கு அடி போவதில்லை. முதலில் அடியை மூலை மடித்துப் பெட்டி மாதிரி தைத்துப் பார்த்தது: டப்பா நன்றாக நிற்கிறது, ஆனால் தையல் நேரம் கூடுகிறது, அந்த மூலை மடிப்பில் பருப்புத் தூசியும் வண்டும் குடியேறுகின்றன. கைவிட்டது.

தையல்

ஊசி 16-ஆம் நம்பர். தையல் இன்ச்சுக்கு எட்டு அல்லது ஒன்பது. பன்னிரண்டு, பதினாலு என்று நெருக்கினால் வலு கூடும் என்று தோன்றும். கூடாது, ஊசி போட்ட துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகி, பாரம் விழுந்ததும் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும்.

நூல் பாலியஸ்டர். பிளாஸ்டிக்கை ஒழிக்கிற பைக்குப் பாலியஸ்டர் நூலா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். ஒரு பைக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நூல் போகிறது, எடை அரை கிராம். மெல்லிய பருத்தி நூலில் தைத்தவை காதுப் பக்கம் முதலில் விட்டன. தடித்த முப்புரிப் பருத்தி நூல் கிடைக்கிற ஊரில் அதையே போடலாம், பாபினில் இழுப்பை மட்டும் தளர்த்த வேண்டியிருக்கும்.

வரிசை: முதலில் எல்லாக் காதுகளையும் முடியுங்கள். 4½ இன்ச் பட்டையின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நாலு அடுக்கு, ஒன்றேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைந்த அகலம் வரும். இரண்டு ஓரத்திலும் ஒரு தையல். அடுத்து உடல். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மடித்துப் பக்கங்களைக் கால் இன்ச்சில் ஒரு தையல் போட்டு, பிசிறை ஒட்ட நறுக்கி, பையைத் திருப்பி, மூன்று நூல் அளவில், அதாவது ⅜ இன்ச்சில், இன்னொரு தையல். பிசிறு இரண்டு தையலுக்கும் நடுவில் அடைபட்டுவிடும், ஓவர்லாக் தேவையில்லை. பருப்பு பிசிறில் சிக்காது. தைத்து முடிந்த அகலம் 13¾ இன்ச்.

மேல்பட்டியை அரை இன்ச் மடித்து, மறுபடி ஒன்றரை இன்ச் மடியுங்கள். உயரம் 16 இன்ச் நிற்கும்.

காது வைப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. பழைய தாம்பூலப் பைகளில் காதை மேல்பட்டிக்குள் செருகி, பட்டித் தையலோடு சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டியிருப்பார்கள். தேங்காய், வெற்றிலை, பழத்துக்கு அது போதும். அதே மாதிரி தைத்த பையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்து, அதாவது 10 கிலோ, போட்டு ஆணியில் தொங்கவிட்டால், காது அப்படியே இருக்க, பட்டிக்குக் கீழே துணி வாய் பிளந்தது. இழுப்பு முழுவதும் ஒரே தையல் கோட்டில் விழுவதுதான் காரணம்.

சரியாக வந்த முறை இது. காதின் முனையைக் கீழ்நோக்கி வைத்து, பட்டி மடிப்பின் அடி விளிம்புக்குள் அரை இன்ச் செருகுங்கள். பின்னால், பட்டிக்குள்ளேயே, அந்தக் கரைத் துண்டு. பட்டியின் அடி விளிம்பில் சுற்றிலும் ஒரு தையல். பிறகு காதை மேல்நோக்கித் திருப்பி, பட்டி மேலேயே படுக்கவைத்து, சதுரமாக ஒரு சுற்று, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. கடைசியாகப் பட்டியின் மேல் விளிம்பில் சுற்றிலும் ஒரு தையல். இப்போது பாரம் அடிக்கோடு, மேல்கோடு, நடுப் பெருக்கல் என்று மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு காதிலும் இரண்டு கால்களுக்கு நடுவே 5 இன்ச் விடுங்கள். தொங்கல் நாலரை இன்ச் வரும். கையில் பிடிக்க அது போதும், ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டினாலும் அடி கால் வைக்கிற இடத்தில் இழுபடாது. தோளில் மாட்டுகிற அளவுக்கு நீளமாக வைத்த இரண்டு பை கொக்கியில் ஆடி ஆடித் தரையைத் தொட்டன.

சோதனை: 10 கிலோவுடன் ஒரு ராத்திரி தொங்கல், மறுநாள் அதே பாரத்தோடு ஐம்பது முறை வெடுக்கென்று தூக்கி இறக்குதல், பிறகு நனைத்துவிட்டு மறுபடி ஐம்பது. வீட்டுக்குப் போகிற வழியில் யாரும் பையை மெதுவாகத் தூக்குவதில்லை, அதனால் வெடுக்கென்ற இழுப்புதான் உண்மையான பரீட்சை. நனைந்தால் பருத்தி நூலின் வலு குறைவதில்லை, கூடவே செய்யும். மழையில் காகிதப் பை வாயைப் பிளக்கும்போது இது நிற்கும்.

மஞ்சள் எங்கே?

2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்த பிறகு, துணிப்பை என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஊரிலிருந்து வருகிறவனைக் கேலி செய்ய 'மஞ்சப்பை' என்று சொன்ன காலம் போய், அதே நிறத்தைத் தேடுகிற காலம் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் சாயம் இந்த வேலையிலேயே அதிக நேரத்தைத் தின்றது.

மஞ்சள் தூளில் சாயமிட்டுப் பார்த்தது: ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் தூள், முன்னால் படிகார நீரில் ஊறல். வெளியே எடுக்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறம். சோப்பு பட்டதும் குங்குமச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக மாறியது, காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான். வெயிலில் போட்ட பக்கம் சில நாளில் வெளுத்தது. ஈரமாக இருந்த பை ஒரு வெள்ளை வேட்டியில் கறை வைத்தது.

கெட்டிச் சாயம் என்றால் ரியாக்டிவ் சாயம். ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ உப்பு, 300 கிராம் சோடா சாம்பல் என்பது வழக்கமான கணக்கு. நூறு பைத் துணி எட்டரைக் கிலோ. அப்படியென்றால் 170 லிட்டர் உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது? உப்பு சாதாரண வடிகட்டிக்கு அடங்காது. நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு என்ன செய்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஏன் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது என்பதெல்லாம் தெரிந்த பின், கொல்லைப்புறத்தில் இதைச் செய்ய மனம் வரவில்லை. பை காடாவின் பழுப்பு நிறத்திலேயே இருக்கட்டும் என்று விட்டது. கடையில் ஆயத்தமாக விற்கிற மஞ்சள் துணி ஒரு மீட்டர் வாங்கி, 2-க்கு 3 இன்ச் பட்டையாக மடித்து, ஒவ்வொரு பையிலும் பட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தைத்தது. மஞ்சப்பை என்ற பெயருக்கும் ஆயிற்று, வரவு-செலவுக் குறிக்கும் ஆயிற்று.

அந்தக் குறி இப்படி: பட்டையில் பையின் எண், 1 முதல் 100 வரை. பை கடைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சலவைக்கு அழியாத மார்க்கரில் ஒரு கோடு. முன்பு வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேராங்கொட்டைச் சாறு இதற்கு ஈடில்லாத மை, சுண்ணாம்பு சேர்ந்தால் துணி நையும்வரை போகாது. ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கடைப் பையனிடம் கொடுக்கிற பொருள் அல்ல. கோடு எதற்கு என்றால், டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கில், காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பை சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை பயன்பட வேண்டும். 52 கோடு விழாத துணிப்பை அலமாரியில் கிடந்தால் அது நல்ல காரியம் இல்லை.

செலவு

துணி மீட்டர் 80 ரூபாய் வீதம் 35 மீட்டருக்கு 2,800. தையல் கூலி பைக்கு 10 வீதம் 1,000. நூல், சோடா, மஞ்சள் துணி, மார்க்கர் 200. மொத்தம் 4,000, பை ஒன்றுக்கு 40. துணி விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். கையேறியவர் மணிக்கு ஐந்து பை தைத்தாலே 50 ரூபாய்தான். கோயம்பேட்டில் 2022-இல் வைத்த இயந்திரம் 10 ரூபாய் நாணயத்துக்கு ஒரு பை தரும்; அந்த விலையில் இந்தத் துணியும் இந்தக் காதும் வராது.

கல்லாவில்

முதலில் டெபாசிட் 20 ரூபாய் வைத்தது. அதிகம் வைத்தால் வாங்கமாட்டார்கள் என்ற பயம். நடந்தது வேறு: பைகள் பறந்தன, திரும்பவில்லை. 40 ரூபாய் பையை 20-க்குக் கொடுத்தால் வாங்கியவருக்கு அது நல்ல விலை. ஏன் திருப்பித் தர வேண்டும்? ஒவ்வொரு பையிலும் 20 ரூபாய் நட்டம், அதோடு வீட்டில் ஆணி முழுக்கத் துணிப்பை. இங்கிலாந்தில் மெல்லிய பைக்குக் கட்டணம் வந்தபின் தடித்த 'நெடுநாள் பை'களை மக்கள் மெல்லிய பை மாதிரியே வாங்கித் தள்ளினார்கள். அதே கதைதான்.

டெபாசிட் பையின் அடக்க விலைக்குக் குறையவே கூடாது. 40 என்று மாற்றியதும் இரண்டு பிரிவாகப் பிரிந்தார்கள். ஒரு சிலர் வாங்கி, அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துக் காசையோ வேறு பையையோ வாங்கினார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த முறை வீட்டிலிருந்தே பை கொண்டுவந்தார்கள். உண்மையில் வேண்டியிருந்தது இந்த இரண்டாவது பிரிவுதான். கடையின் நூறு பை மறந்து வந்தவருக்கு மட்டும். சொந்தப் பை கொண்டுவந்தால் ஒரு ரூபாய் தள்ளுபடி என்ற யோசனையும் வந்தது, விட்டுவிட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் 5 சென்ட் வரியையும் 5 சென்ட் சலுகையையும் ஒப்பிட்ட ஆய்வில், வரி வேலை செய்தது, சலுகை கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை.

இந்த முறை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பித் தருவது நீலகிரியில் 2022-இல் தொடங்கியது. "பாட்டில் மாதிரிதான்" என்ற ஒரே வாக்கியத்தில் வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடுகிறது, சிலருக்குச் சிரிப்பும் வருகிறது.

வாசலில் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்: "பை 40 ரூபாய். திருப்பித் தந்தால் 40 ரூபாய்." பொருளெல்லாம் எடுத்துக் கல்லாவுக்கு வந்த பிறகு பைக்குக் காசு என்று சொல்வது முறையற்ற வணிகம் என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. பையில் கடைப் பெயரைப் பெரிதாக அச்சடிப்பதையும் விடுங்கள். விளம்பரம் உங்களுடையது, காசு அவருடையதா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மஞ்சள் பட்டையில் சின்னதாக ஒரு முத்திரை போதும். அது இல்லாமலும் முடியாது, இல்லாவிட்டால் ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து 40 ரூபாய் கேட்பார்கள்.

டெபாசிட் காசு வியாபார வரவு அல்ல, தனி டப்பா. ராத்திரி கடை சாத்தும்போது ஒரு பெருக்கல்: கடையில் இல்லாத பைகளின் எண்ணிக்கை, பெருக்கல் 40, டப்பாவில் இருக்க வேண்டிய தொகை. கடையில் 63 பை இருந்தால் வெளியே 37, டப்பாவில் 1,480. இந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே உதைத்தது. காரணம் திருட்டு இல்லை, ஜிபே. டெபாசிட்டை ஃபோனில் வாங்கிவிட்டு, திருப்பும்போது டப்பாவிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுத்தால் டப்பா காலியாகும். இப்போது விதி ஒன்றுதான்: ஃபோனில் டெபாசிட் வந்தால் அந்த நிமிஷமே கல்லாவிலிருந்து 40 ரூபாயை டப்பாவுக்கு மாற்ற வேண்டும். ரசீது கேட்கக் கூடாது, நாள் கணக்கும் கூடாது. பைதான் ரசீது.

திரும்பி வந்த பை

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. வீட்டில் அரிசி கிடந்த பையின் மடிப்பில் வண்டு வரும். அது நேராகக் கடை அரிசி மூட்டைக்குப் போகும். வந்த பையைச் சரக்கு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் வாசல் பக்கக் கூடையில் போட்டு, சாயங்காலம் உள்பக்கம் வெளியே திருப்பி உதறி, மறுநாள் வெயிலில் காயவையுங்கள். கருவாட்டு வாடை, எண்ணெய்க் கறை இருந்தால் மட்டும் சலவை. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் துவைத்தால் தண்ணீரும் உழைப்பும் தாங்காது. ஐப்பசி மழையில் ஈரம் காயாத பையை அடுக்கினால் இரண்டே நாளில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி விழும், பிறகு போகாது. கடைக்குள் ஒரு கொடி, கீழே ஒரு ஃபேன், அந்த இரண்டு மாதம் மட்டும்.

துணிப்பையால் தீராதவையும் உண்டு. தயிர், மாவு, மீனுக்குத் தூக்குவாளிதான். சில்லறைப் பருப்புக்குப் பழுப்புக் காகிதப் பொட்டலமும் சணலும். செய்தித்தாளில் உணவுப் பண்டம் கட்டுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேண்டாம் என்கிறது, அச்சு மைதான் காரணம். எடை போடும்போது துணிப்பையோடு தராசில் வைத்தால் 70 கிராம் பை. முதலில் பையை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் துவரம்பருப்பு விலைக்குத் துணி விற்றதாக ஆகும்.

அடுத்த தைப்பில் மாற்றப் போவது

நூறு பை முதலுக்கு அதிகம், அறுபதில் தொடங்கியிருக்கலாம். 2 கிலோ வரை வாங்குகிறவருக்கு 16 இன்ச் உயரப் பை பெரிது. 11-க்கு 12 இன்ச் அளவில் ஒரு சின்னப் பை வேண்டும், அதற்குத் தனி டெபாசிட், தனி நிறப் பட்டை. மஞ்சள் பட்டையின் மேல் ஓரத்தை மட்டும் தைத்ததால் சலவையில் சுருள்கிறது, நாலு ஓரமும் தைக்க வேண்டும். காது அகலம் சரி.

டெபாசிட் 40-லேயே நிற்காது. அயர்லாந்தில் 2002 மார்ச்சில் 15 சென்ட் வைத்தபோது ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்று மதிப்பிட்ட பை 21-ஆகக் குறைந்தது. 2006-இல் மெல்ல 31-க்கு ஏறியதும், 2007 ஜூலையில் 22 சென்ட் ஆக்கினார்கள். விலை பழகிப்போனால் கை தானாகப் பையை நோக்கிப் போகும். அடுத்த முறை காடா வாங்கும் விலையைப் பார்த்துவிட்டு வாசல் பலகையில் எண்ணை மாற்ற வேண்டும். பழைய 40 ரூபாய்ப் பைகள் பழைய காசுக்கே திரும்ப வேண்டும் என்பதால், புதிய தைப்பின் எண்கள் 101-இலிருந்து தொடங்கும்.